ஈன்றணிமை: தாய்மைப் பாட்டில் விடுபட்ட தாய்

தாய்மையைப் போற்றாத தமிழ்ப் புலவர் அரியர். தாயைத் தெய்வத்துக்கு நிகராக வைத்ததோடு அமையாது, நாட்டையும் மொழியையும் ஆற்றையும் தாயென்றே அழைத்து மகிழ்ந்தது இம்மொழியின் மரபு. ஆயினும், அப்போற்றுதலை நுணுகி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். தாயைப் பாடிய குரல் பெரும்பாலும் மகவின் குரலாகவோ, குடியின் குரலாகவோ அமைந்திருக்கிறது. ஈன்றவளின் குரலாக அமைந்தது மிகக் குறைவு. புறநானூற்றிற் பொன்முடியார் பாட்டு, ஈன்று வளர்த்தலைத் தாயின் கடனாகவும், சான்றோனாக்குதலைத் தந்தையின் கடனாகவும், வேல் வடித்தலைக் கொல்லனின் கடனாகவும் பகுத்து வைக்கிறது. கொல்லன் உலைக்களத்தில் வெந்தது பற்றி எவ்வாறு அங்குப் பேச்சில்லையோ, அவ்வாறே தாய் ஈனும்பொழுது பட்டது பற்றியும் பேச்சில்லை. வள்ளுவரோ, மகனைச் சான்றோனெனக் கேட்ட தாயின் மகிழ்ச்சிக்கு அளவுகோல் தேடுமிடத்து, அவனைப் பெற்ற பொழுதின் மகிழ்ச்சியையே எடுத்துக் கொள்கிறார். உவகையின் உச்சம் அதுவென எல்லாரும் ஒப்புவர் என்ற துணிபு அக்குறளின் அடியில் இருக்கிறது.

அத்துணிபு பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. ஈன்ற பொழுதில் உடல் கிழிந்தவளும், ஈன்றபின் மனம் இருண்டவளும் இவ்விலக்கியத்தில் எங்கே இருக்கிறார்கள்? தாய்மையை இவ்வளவு பாடிய மொழி, தாயின் காயத்தைச் சொல்லும் சொல்லை வளர்த்ததா, மறைத்ததா? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இலங்கையின் நடுமலைநாட்டில், தலவாக்கலைக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் இடைப்பட்ட அக்கரப்பத்தனை போன்ற தேயிலைப் பிரதேசங்களில், இதே தமிழையே பேசிப் பிள்ளை பெற்று, சில வாரங்களிற் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய பெண்களின் தலைமுறைகள் பல. தமிழ் மரபின் தாய்மைப் பாட்டு உண்மையில் யாருக்கு உதவிற்று என்பதைச் சோதித்துப் பார்க்க அவர்கள் வாழ்வினும் தக்க உரைகல் வேறில்லை.

தொன்மையிலிருந்தே தொடங்குதல் முறை. ஈன்றணிமை, அதாவது பிள்ளை பெற்று அண்மையாயிருக்கும் நிலை, என்ற பொருளுக்குத் தமிழில் ஒரு தனிச்சொல்லே இருந்தது. அது 'புனிறு' என்பது. தொல்காப்பியர் அதனை உரியியலில் வைத்துப் பொருள் வரையறுத்தார். ஒரு நிலைக்குத் தனிச்சொல் இருப்பதாவது, அந்நிலையை அச்சமூகம் தனியே கண்டது என்பதற்குச் சான்று. அச்சொல் உணர்த்தும் நிலையை நற்றிணைப் புலவர் மூவர் மூன்று விதமாகக் கண்டனர்.

நாற்பதாம் பாட்டிற் கோண்மா நெடுங்கோட்டனார் காட்டும் இல்லம் காவலுடையது. மணல் பரப்பிய பந்தர், ஒலிக்கும் மணி, காத்து நிற்கும் பாணர், குழந்தை செவிலியோடு உறங்குகிறது, வெண்சிறுகடுகு அப்பி நெய்யாடிய தாய், பசுநெய் ஊறிய மென்மையான உடலோடு இமை பொருந்தத் துயில்கிறாள். அந்நள்ளிரவிற் கணவன் கள்வனைப்போல் வருகிறான். பாட்டின் நோக்கம் அவனைச் சுட்டுவதே. எனினும் வழியிலே புலவர் காட்டிய ஏற்பாடு உற்றுநோக்கத் தக்கது. பிள்ளையைப் பிறிதொருத்தி வாங்கிக்கொண்டதனால் ஈன்றவள் உறங்குகிறாள். தாய்க்கு உறக்கம் தருவது ஒரு வீட்டின் கடமை என்ற அறிவு அங்கே இருக்கிறது.

உறையூர்க் கதுவாய்ச் சாத்தனாரின் பாட்டு, எண் முந்நூற்றெழுபது, கணவன் கூற்றாக வருவது. தம் குடிக்கு மகனைத் தந்து கிடந்தவளை அணுகி, இனி முதுபெண்டாகி உறங்குவாயோ என்று எள்ளியதையும், அவள் நாணி முறுவலித்துக் கண்களைக் கையாற் புதைத்ததையும் அவன் நினைந்து பேசுகிறான். அன்று முறுவலித்தவள் இன்று ஊடுகிறாள் என்பதே அவனது முறையீடு. அவள் ஏன் ஊடினாள் என்பதற்கு உரைகாரர் பரத்தைமையைக் காரணம் காட்டுவர். அது மரபு. ஆயினும், உடல் மாறியவளை நோக்கி அம்மாற்றத்தையே எள்ளிய சொல்லும் பாட்டுக்குள்ளேயே கிடக்கிறது என்பதைத் திறனாய்வாளர் கடந்து செல்லலாகாது.

மூன்றாவது, கூடலூர்ப் பல்கண்ணனாரின் முந்நூற்றெண்பதாம் பாட்டு. அது பாணனுக்கு வாயில் மறுப்பது. நெய்யும் தாளிப்புப் புகையும் அழுக்கும் படிந்த ஆடை, பால் சுரந்து வழியும் மார்பு, புதல்வனை அணைத்தலாற் புனிற்று மணம் கமழும் தோள், இவற்றை மறைக்காது எடுத்துச் சொல்லி, ஆகவே அணிபுனைந்த மகளிரை நாடும் அவருக்கு இங்கு இடமில்லை என்று கதவடைக்கிறது அப்பாட்டு. தமிழ்க் கவிதையில் ஈன்ற உடல் தன் நாற்றத்தையும் கறையையும் ஒளிக்காமல் நிமிர்ந்து நிற்கும் இடம் இது. உடலைப் பற்றிப் பேசுதல் நாகரிகக் குறைவு என்று கருதுவார்க்கு விடையும் இதிலேயே உண்டு. இழிவின்றி, ஒளிவின்றி, இதனைச் சொல்லுதல் தமிழுக்கு இயலும் என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே ஒருவர் காட்டிவிட்டார்.

பின்வந்த காலத்தில் இக்கண் மங்கிற்று. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிற் கருவுக்கு வரும் இடர்களைத் திங்கள்தோறும் எண்ணிச் செல்கிறார். பத்தாம் திங்களில் மட்டும் தாயும் அத்துயரிற் பங்குடையவளாகத் தோன்றுகிறாள். அடுத்த கணமே பாட்டு பிழைத்த உயிரோடு அப்பாற் சென்றுவிடுகிறது. பிழைத்தது உயிரின் பயணம் பற்றிய மெய்யியலாதலின் அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆனால், தாய் எங்கே நின்றுவிட்டாள் என்று திரும்பிப் பார்த்தவர் பின்னரும் இலர். பட்டினத்தார் தாயின் ஈமத்தீ முன்னின்று கதறிய பாடல்கள் உள்ளத்தை உருக்குவன. அவையும் மகன் பெற்ற அன்பைக் கணக்கிடுவனவே. பிள்ளைத்தமிழோ, காப்புப் பருவத்தை மூன்றாம் திங்களிற் கொண்டு தொடங்குவது. அதன்முன் உள்ள இரு திங்களும், அதாவது தாயின் உடலும் மனமும் மிகவும் நலிந்து நிற்கும் அக்காலம் முழுவதும், பாட்டியல் இலக்கணத்துக்கு வெளியே கிடக்கிறது. புலவர் தொட்டிலருகே வரும்போது தாய் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டாள் என்பது மரபின் எண்ணம் போலும்.

புலவர் விட்ட இடத்தைப் பொதுமக்களின் பத்தி ஓரளவு நிரப்பிற்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் இறைவன் தாயுமானவர் எனப் பெயர் பெற்ற வரலாறு அறியாதார் இலர். கருவுற்ற இரத்தினாவதியின் தாய், காவிரி பெருகியதால் அக்கரையிலே நின்றுவிட்டாள். இறைவனே அத்தாயின் உருக்கொண்டு வந்து பிள்ளைப்பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து பணிசெய்தான் என்பது கதை. இதன் நுட்பம் யாதெனின், இறைவன் மருத்துவனாக வரவில்லை, அரசனாக வரவில்லை, பிள்ளை பெற்றவளுக்கு அருகில் இருக்கவேண்டிய அம்மாவாக வந்தான் என்பதே. பெற்றவளுக்கு வேண்டிய முதற்பொருள் உடனிருக்கும் ஓருயிர் என்பதை இக்கதை பேசிய மக்கள் அறிந்திருந்தனர்.

மற்றொரு சான்று கல்லிலே நிற்கிறது. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பழைய பாதையோரங்களிற் காணப்படும் சுமைதாங்கிக் கற்கள், வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக நாட்டப்பட்டவை. இறக்காமற் போன அவளது சுமையை வழிப்போக்கர் இறக்கிவைக்கும் சுமை ஆற்றும் என்பது நம்பிக்கை. மகப்பேற்றில் மாண்டவளுக்கு ஒரு கல்லேனும் வைத்த சமூகம், மாளாமற் காயத்தோடு வாழ்ந்தவளுக்கு என்ன வைத்தது? 'பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறப்பு' என்ற வழக்குமொழி ஒன்றைத் தந்தது. பிழைத்துவிட்டாள் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

அக்காயம் யாதென்பதைத் தெளிவாகச் சொல்லுதல் இங்குக் கடமையாகிறது. பிறப்புவாயிலுக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி, தலைப்பிரசவங்களிற் பெரும்பாலும் ஓரளவேனும் கிழிகிறது. மருத்துவர் அக்கிழிவை நான்கு படிகளாக வகுப்பர். முதலிரு படிகள் தோலையும் அடுத்த தசையையும் மட்டும் தொடுவன, விரைவில் ஆறுவன. மூன்றாம் படியில் மலவாயை இறுக்கிக் காக்கும் தசையும், நான்காம் படியில் மலக்குடலின் உட்சுவரும் கிழிகின்றன. உடனே கண்டு ஒழுங்காகத் தைக்காவிடிற் காற்றையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல் குன்றுகிறது. நெடுநேரம் தடைபட்ட பிரசவத்திற் குழந்தையின் தலை அழுத்துவதனாற் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துவாரம் உண்டாகி, நீர் ஓயாது ஒழுகுதலும் உண்டு; வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் வசதி எட்டும் இடங்களில் இது அருகிவிட்டது. இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்து கருப்பை கீழிறங்குதல் பிள்ளை பல பெற்றவரிடமும் பாரம் சுமப்பவரிடமும் மிகுதி. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் சிந்துதல் எல்லாவற்றினும் பரவலானது.

மனத்தின் காயமும் படிகளுடையது. பிறப்பின் பின் முதல் வாரத்தில் காரணமின்றிக் கண்ணீர் பெருகுதல் பாதிக்கு மேற்பட்ட தாய்மாரிடம் தோன்றி, தானே மறையும். வாரங்கள் கடந்தும் நீங்காத சோர்வு, உறக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, சாவை விரும்பும் எண்ணம் ஆகியன மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் அறிவு கலங்கும் கடும் பிறழ்வும் நேரும். அதற்கு உடனடி வைத்தியம் இன்றியமையாதது. இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே 1858இலேயே கருவுற்றோர், ஈன்றோர், பாலூட்டுவோர் ஆகியோரின் மனநோய் பற்றித் தனிநூல் எழுதினார். அதற்கு ஓராண்டு முன், 1857இல், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மான்செல் என்பாரின் நூலைத் தமிழாக்கிப் 'பிரசவ வைத்தியம்' என வெளியிட்டார். பிள்ளைப்பேற்று மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க நூல் இருந்தது என்றால், சொல் இல்லை என்று மொழியின்மேற் பழிபோட இயலாது. அச்சொற்கள் மருத்துவ மாணவரின் மேசையோடு நின்றன; பாட்டுக்கும் வீட்டுக்கும் வரவில்லை என்பதே உண்மை.

இத்துன்பத்தின் அளவு சிறிதன்று. ஆண்டுதோறும் உலகிற் குறைந்தது 4 கோடிப் பெண்கள் மகப்பேற்றால் விளையும் நீண்டகால நலக்குறைவுக்கு ஆளாகின்றனர் என உலகச் சுகாதார நிறுவனத்தின் பங்கேற்புடன் எழுந்து 2023 டிசம்பரில் 'லான்செட்' குழும ஏட்டில் வந்த ஆய்வு கணித்தது. கூடலின்போது வலி 35 வீதத்தினரிடமும், இடுப்புவலி 32 வீதத்தினரிடமும், மலம் அடக்க இயலாமை 19 வீதத்தினரிடமும், மனச்சோர்வு 11 முதல் 17 வீதத்தினரிடமும் காணப்படுவதாக அது கூறிற்று. தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த கிராமப்புறத் தாய்மாரை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, ஈன்றபின் புதிதாக மனச்சோர்வுற்றோர் 11 வீதம் எனக் கண்டது. அவ்வாய்வு காட்டிய காரணங்கள் தமிழர் எவருக்கும் அந்நியமானவை அல்ல: வருமானக் குறைவு, ஆண்பிள்ளையை விரும்பிய இடத்திற் பெண்பிள்ளை பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த இடர்கள், கைவேலைக்கு உதவியின்மை. இறுதியிற் கூறப்பட்டது ஊன்றி நோக்கத்தக்கது. தாயுமானவர் கதை எதைப் பேசிற்றோ அதையே ஆய்வும் பேசுகிறது. உடனிருந்து உதவ ஆள் இல்லாமை ஒரு நோய்க்காரணம்.

இனி அக்கரப்பத்தனைக்கு வருதல் வேண்டும். நாலாயிரம் அடிக்கு மேலான உயரத்தில், ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த சரிவுகளிலும் டயகம, ஹோல்புறூக், டொரிங்டன் முதலிய தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழையும் குளிரும் கடுமையானவை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப்பயிராக்கிய பின், ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளும் விரல்கள் வேண்டியிருந்தமையின், கோப்பிக் காலத்து ஆண் கூலிகளின் இடத்திற் குடும்பங்களோடு பெண்கள் வந்து நிலைபெற்றனர். தேயிலைத் தொழில் பெண்ணின் உடலின்மேல் நிற்கிறது என்பது வெறும் உவமையன்று. ஈரக் கொழுந்தின் பாரம் கயிற்றின் வழியே தலையிலும் கழுத்திலும் இழுக்க, முதுகு வளைந்து, வழுக்கும் சரிவில் ஏறி இறங்கும் வேலை அது. இடுப்படித்தசை தளர்ந்தவளுக்கு இதனினும் ஒவ்வாத தொழிலைத் தேடிக் காண்பது அரிது.

நற்றிணை காட்டிய காவல்மனையின் இடத்தில் இங்கே லயம் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான ஒரு காம்பராவில் அடுப்பும் குடும்பமும் ஒன்றாயிருக்கும்போது, ஈன்றவளின் உறக்கத்துக்குத் தனியிடம் ஏது? தாயகக் கிராமத்தில் தீட்டு என்ற வழக்கம் அவளைத் தொடத்தகாதவளாக்கி இழிவுசெய்தது. அதேவேளை பல நாள் ஓய்வையும் பத்தியத்தையும் அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. 'பச்சை உடம்புக்காரி' என்ற பேச்சு வழக்கு, பழைய புனிறு என்ற சொல்லின் உயிருள்ள வாரிசு எனலாம்; ஆறாத உடல் என்ற கவனம் அதில் இருக்கிறது. 'பேர்' விழுந்தாலே கூலி என்ற தோட்ட ஒழுங்கில் ஓய்வு சுருங்கிற்று. தீட்டின் இழிவு மட்டும் எஞ்சிற்று.

சட்டம் ஓரளவு துணைநின்றது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஊதியத்தோடு கூடிய ஓய்வையும், பின்னர் பாலூட்டும் இடைவேளையையும் உரிமையாக்கிற்று. தோட்டங்களிற் பிள்ளைக்காம்பராக்கள் அமைந்தன. ஆயினும், முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாள் விடுமுறை, மூன்றாவது முதல் 42 நாள் என்ற வேறுபாடு நெடுங்காலம் நிலவி, 2018ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தாலேயே நீங்கியது. மூன்றாம் பிள்ளை பெற்றவளின் தசை முதற்பிள்ளை பெற்றவளின் தசையைவிட இருமடங்கு விரைவில் ஆறும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. மாறாக, பேறு மிகமிகத் தளர்ச்சியும் மிகும் என்றே சொல்கிறது. சட்டம் எழுதியோர் பிள்ளையை எண்ணினர். பெற்ற உடலை எண்ணவில்லை. இலக்கிய மரபின் அதே குறை இங்கே விதியாக உருவெடுத்தது.

மற்றொரு பிரிவு இதனினும் ஆழமானது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே குடும்பத்தில் அன்னையின் விண்ணப்பம் ஒரு நாட்டுக்கும் மகளின் விண்ணப்பம் மறுநாட்டுக்கும் சென்ற இடங்களில், பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டிய அம்மா நீலகிரியிலும் மகள் அக்கரப்பத்தனையிலும் ஆயினர். 1984இல் தலைமன்னார்-இராமேசுவரம் கப்பற் சேவையும் நின்றது. நாடற்றோர் என்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. பிரிந்த குடும்பங்கள் பிரிந்தனவே. இரத்தினாவதியின் தாயைத் தடுத்தது சில நாளில் வடியும் வெள்ளம். இவர்களைத் தடுத்தது வடியாத கடலும் கடவுச்சீட்டும்.

இவ்வாழ்வை மலையகத்து எழுத்து எவ்வாறு கண்டது? தாலாட்டை முதலிற் கொள்ளுதல் தகும். தாய் தானே வாய்திறந்து பாடும் வகை அது ஒன்றே. தமிழ்த் தாலாட்டின் பொதுமரபில், அழும் குழந்தையை நோக்கி, உன்னை அடித்தவர் யாரென்று வினவி, மாமன், அத்தை, பாட்டி என உறவினரை வரிசைப்படுத்துதல் வழக்கம். மாமன் கொண்டுவரும் சீர்வரிசையும் விரிவாக எண்ணப்படும். இவ்வரிசையைக் குழந்தைக்கு உறவு கற்பிக்கும் பாடமென்றே ஆய்வாளர் கொள்வர். வேறொரு வகையாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. அது அத்தொட்டிலருகே நிற்கவேண்டியவர்களின் பெயர்ப்பட்டியல். வந்தவரைப் பாடுகையில் அது நன்றி. வாராதவரைப் பாடுகையில் அது முறையீடு. கடல் கடந்த நாட்டில் அப்பட்டியலைப் பாடியவள் குழந்தையின் அழுகைக்கு விளக்கம் தேடுவதாகக் காட்டித் தன் தனிமையை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று கொள்வது மிகையாகாது. தாயின் மனநோவு தமிழில் வெளிப்பட்ட இடம் எதுவெனின், குழந்தையை முன்னிறுத்தி மறைந்து நிற்கும் இத்தாலாட்டே.

எழுத்திலக்கியத்தில், 1935இல் மணிக்கொடியில் வந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்ணின் உடல் எவ்வாறு சிதைக்கப்படுகிறது என்பதைத் தமிழ் வாசகர்முன் வைத்தது. மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலையாவாற் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழான கவிதை, தேயிலைச் செடியின் அடியிலே புதைந்தவர்களை நினைவிற் கொணர்ந்தது. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் திரட்டிய பெருமையும் அவருக்கே உரியது. 1964இல் வெளியான கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' ஒரு பெண்ணின் வாழ்வை நடுவாக வைத்துத் தலைமுறைகளைக் கண்டது. இவர்கள் செய்தது சிறுதொண்டன்று. பேசாதிருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு வாயாயினர்.

ஆயினும் ஒரு குறை சுட்டப்படல் வேண்டும். மலையக எழுத்திற் பெண் பெரும்பாலும் உழைப்பாளியாகவோ, ஆதிக்கத்தின் காமத்துக்கு இரையாகவோ, தியாகத் தாயாகவோ தோன்றுகிறாள். உழைப்பாளியின் காயம் சுரண்டலின் சான்றாகிறது. இரையானவளின் காயம் கொடுமையின் சான்றாகிறது. தியாகத் தாயின் காயமோ பெருமையாகிவிடுகிறது. பிள்ளை பெற்றதனாலேயே உடல் நைந்தும், பெற்ற பிள்ளையைப் பார்த்து மகிழ்ச்சி தோன்றாமல் திகைத்தும் நிற்பவள் இம்மூன்றிலும் அடங்காள். அவளுக்குப் பகைவன் என எவரும் முன்னால் இல்லை. ஆகவே போராட்ட இலக்கியத்துக்கு அவள் உதவாள். அவளிடம் பூரிப்பும் இல்லை. ஆகவே தாய்மைப் பாட்டுக்கும் உதவாள். இரண்டு பெருமரபுகளுக்கும் இடையே அவள் விழுந்துவிட்டாள்.

இஃது மருத்துவத்தின் பொருள், இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று தடை எழுப்புவார் உளர். அன்னார் ஒன்றை எண்ணுதல் வேண்டும். மருத்துவர் நோயைக் காண்பதற்கு முன் நோயாளி அதைச் சொல்லவேண்டும். ஈன்ற தாயின் மனச்சோர்வை அளப்பதற்கு 1987இல் எடின்பரோவில் அமைக்கப்பட்டு, தமிழிலும் ஆக்கப்பட்டுள்ள அளவை, பத்து வினாக்களால் ஆனது. கருவி எதுவுமில்லை, குருதிச் சோதனையில்லை, சொல்லே கருவி. மலையகத்துப் பெண் 'மனச்சோர்வு' என்று சொல்லமாட்டாள். 'நெஞ்சு அடைக்குது', 'ஒன்னும் ஓடல', 'தல சுத்துது' என்பாள். கீழுடம்பின் காயத்தை அதனினும் மறைத்துப் 'பொம்பளைங்க நோவு' என்ற இரு சொற்களில் முடித்துவிடுவாள். அச்சொற்களின் உட்பொருளை அறியாதவர் அவளுக்கு வலிமாத்திரை கொடுத்தனுப்புவர். பல காலமாகத் தாய்மையின் புகழையே கேட்டு வளர்ந்தவள், தனக்கு அப்பூரிப்பு வராமை தன் குற்றமென்று நாணி வாய்மூடுகிறாள். புகழ்ச்சி இவ்விடத்தில் தீங்காகிறது. தாயைப் பொறுமையின் வடிவமென்று போற்றும் ஒவ்வொரு பாட்டும், பொறுக்க இயலாதவளை இன்னும் ஓரடி இருளுக்குள் தள்ளுகிறது.

உடலுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பையும் மறத்தலாகாது. நீர் சிந்துபவள் கூட்டத்தை அஞ்சுகிறாள். கோயிலுக்குப் போக அஞ்சுகிறாள். நிரையில் நிற்கும்போது தாகத்தை அடக்குகிறாள். கணவனின் அணைப்பு வலியாகிறது. காரணம் சொல்ல நாவெழவில்லை. அவன் அதை வெறுப்பென்று கொள்கிறான். நற்றிணைத் தலைவன் முறையிட்ட ஊடல் இங்கே லயத்துக் காம்பராவில் வேறு பெயரோடு நிகழ்கிறது. இத்தனைக்கும் இக்காயங்களிற் பெரும்பாலானவை தீராதவை அல்ல. கிழிவைத் தைக்கலாம், தளர்ந்த தசைக்கு, அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948இல் விளக்கிய, வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சி உண்டு, இறங்கிய கருப்பையைத் தாங்கும் வளையமும் சத்திரசிகிச்சையும் உண்டு, மனச்சோர்வு பேச்சாலும் மருந்தாலும் நீங்கும். பிரசவத்தின்பின் வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், சொல்லத்தக்க முறையிற் கேட்டாரானால், அவரே இக்காலத்துத் தாயுமானவர். குழந்தையின் நிறையைக் குறித்தபின், தாயை நோக்கி ஒரு வினா மிகுதியாகக் கேட்பதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை.

இலக்கியத்தின் கடன் அவ்வினாவுக்கு விடைசொல்லும் மொழியைத் தேடித் தருவதாகும். அதற்கு மேனாட்டுச் சொற்களை இறக்குமதி செய்யவேண்டுவதில்லை. புனிறு என்ற சொல் நூலில் இருக்கிறது. பச்சை உடம்பு என்ற சொல் வாயில் இருக்கிறது. கிறீன் வைத்தியர் வழியில் வந்த மருத்துவத் தமிழ் இருக்கிறது. இவை மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதே குறை. நாட்டார் பாடல் திரட்டுவோர் தாலாட்டையும் ஒப்பாரியையும் குறித்துக்கொள்ளுமிடத்து, பாடிய மூதாட்டி பிள்ளை பெற்ற கதையையும் அவள் வாய்மொழியிலேயே, அவள் இசைவு பெற்று, பெயர் மறைத்து எழுதிவைப்பாராயின், இருபது ஆண்டுகளில் இல்லாதொழியும் ஒரு சொற்களஞ்சியம் காக்கப்படும். டயகமவிலும் ஹோல்புறூக்கிலும் அக்கதைகளைச் சொல்லவல்ல முதியவர் இன்னும் உளர். நற்றிணைப் புலவர் கறைபடிந்த கலிங்கத்தை மறைக்காது பாடினார் என்று வகுப்பறையில் வியந்து கற்பிப்போர், மலையிலிருந்து இறங்கிவரும் பெண்ணின் நனைந்த சேலையைக் காணுமிடத்தும் அதே கண்ணை உடையராதல் வேண்டும்.